கருணை போதுமா?

நிலவளம், நீர்வளம், கடல்வளம், கனிவளம் என்று பள்ளிக்கூடத்தில் நாம் பாடமாக்கினோம். புல்மோட்டையில் இல்மனைற், காங்கேசன்துறையில் சுண்ணாம்புக்கல் என்று ஒப்புவித்தால் புவியியலில் புள்ளி கிடைக்கும். மனிதரை அந்தப் பட்டியலில் அன்று எவரும் சேர்க்கவில்லை. இப்போது சேர்த்தாயிற்று. இலங்கையில் மனிதவள முகாமைத்துவம் என்றும் தமிழ்நாட்டில் மனிதவள மேலாண்மை என்றும் பெயர்பெற்ற ஒரு கல்வித்துறை உண்டு. அமெரிக்காவில் வளர்ந்த எமது பிள்ளைகளில் சிலர் அதைப் படிக்கப் போகிறார்கள். டாக்குத்தர், எஞ்சினியர், கணக்காளர் என்ற வரிசைக்குப் பழகிய பெற்றோருக்கு இது பிடிபடுவதில்லை. "ஆக்களை வேலைக்கு எடுக்கிறதும் நிப்பாட்டுறதும் ஒரு படிப்போ?" என்று கேட்கிறார்கள். கேலியாகக் கேட்டாலும் அது நல்ல கேள்வி. ஒருவரை வேலைக்கு எடுக்கவும் நிறுத்தவும் இன்னொருவருக்கு உள்ள அதிகாரம் எத்தகையது, அதை நியாயமாகக் கையாளக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதே அதன் உட்பொருள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். வளம் என்பது பயன்கொள்ளப்படும் பொருள். காங்கேசன்துறையில் சீமெந்துக்காகக் கல்லை அகழ்ந்தபோது கல்லிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கல் போயிற்று, குழி மிஞ்சியது. மனிதரையும் வளம் என்று அழைத்தால் அவரிடம் கேட்கவேண்டியது என்ன, அவர் போனபின் மிஞ்சும் குழிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் எழாமலே போய்விடலாம். ஆனால் இந்தச் சொல்லைப் பரப்பியவர்களுக்கும் நியாயம் செய்யவேண்டும். பீற்றர் டிரக்கர் 1954 இல் முகாமைத்துவம் பற்றி எழுதிய நூலில் இதைக் கையாண்டபோது, மற்ற வளங்களுக்கு இல்லாத ஒன்று மனிதரிடம் உண்டு, தான் உழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் அவரே என்று வலியுறுத்தினார். அவரது நோக்கம் மனிதரைக் கல்லாக்குவதல்ல. சொல்தான் நோக்கத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு குரல் ஒலித்தது. 1944 மே மாதம், டெலவெயர் ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜேர்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிலடெல்பியாவில், ரெம்பிள் பல்கலைக்கழகத்தில் சர்வதேசத் தொழில் அமைப்பு கூடியது. உழைப்பு ஒரு விற்பனைப் பண்டமல்ல என்பதை அது தனது முதற் கோட்பாடாகப் பிரகடனம் செய்தது. யுத்தம் முடிந்ததும் அமெரிக்கத் தொழிலாளர் அந்தக் கோட்பாட்டைத் தெருவில் சோதித்தார்கள். 1946 இல் மட்டும் சுமார் 46 லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரு தரப்பும் பேசிப்பழகவேண்டும், அதற்குப் படித்தவர்கள் வேண்டும் என்ற எண்ணம் அரசுகளுக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். நியூ யோர்க் மாநிலம் 1945 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தொழில் உறவுகளுக்கென ஒரு கல்லூரியை நிறுவியது. நியூ ஜேர்சி 1947 இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ, தொழில் உறவுகள் நிறுவகத்தைத் தொடங்கியது. அது 1994 இல் தனிக் கல்லூரியாயிற்று.

அந்தக் கல்லூரியின் பெயரிலேயே இரண்டு சொற்கள் உண்டு: முகாமைத்துவம் ஒன்று, தொழில் உறவுகள் மற்றது. உள்ளேயும் இரண்டு துறைகள். மனிதவள முகாமைத்துவத் துறை ராரிற்றன் ஆற்றின் வடகரையில் பிஸ்கற்றவேயில் இருக்கிறது. தொழிலாளர் கல்வியும் தொழில் உறவுகளும் கற்பிக்கும் துறை தென்கரையில் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. ஒரு கரையில் ஆட்சேர்ப்பு, ஊதியத் திட்டம், பயிற்சி, செயற்திறன் மதிப்பீடு ஆகியவற்றைப் படிக்கிறார்கள். மறு கரையில் தொழிற்சட்டம், கூட்டுப் பேரம், நடுத்தீர்ப்பு, தொழிலாளர் வரலாறு ஆகியவற்றைப் படிக்கிறார்கள். படிக்கும் பொருள் ஒன்றே: வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும். ஆனால் கேள்வி வேறு. முதற் கரையின் கேள்வி, இந்த நிறுவனம் நன்றாக நடக்க இந்த மனிதர் எவ்வாறு உதவலாம் என்பது. மறு கரையின் கேள்வி, பலத்தில் ஒவ்வாத இருவர் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பது.

வள்ளுவரும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை அவர் ஆட்களைத் தேர்வதற்கும் வேலையில் அமர்த்துவதற்கும் ஒதுக்கியிருக்கிறார். எவரை நம்பலாம், எவரிடம் எதை ஒப்படைக்கலாம் என்று நுட்பமாகச் சொல்கிறார். ஆனால் அவை பொருட்பாலில் அரசனைப் பார்த்துச் சொன்னவை. வேலைக்காரன் அரசனை எப்படித் தெரிந்து தெளிவது என்று அங்கே அதிகாரம் கிடையாது. இரண்டாயிரம் ஆண்டாக ஆள்வோருக்கான அறிவுரை எமக்கு நிறையவே கிடைத்திருக்கிறது. ஆளப்படுவோர் கேட்கக்கூடியது என்ன என்பதற்குத்தான் பஞ்சம்.

இனி, நியூ ஜேர்சியில் நடந்த ஒரு வழக்கு. மூன்றாம் இலக்க நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு நட்லி தெரியும். அங்கே ஹொஃப்மன் லா ரோஷ் என்ற மருந்துக் கம்பனியின் பெரிய வளாகம் பல தசாப்தங்களாக இருந்தது. 2013 இல் கம்பனி அதைவிட்டு வெளியேறியது. இப்போது அந்த நிலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ரிச்சர்ட் வூலி என்ற பொறியியலாளர் 1969 இல் அந்தக் கம்பனியில் சேர்ந்தார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. சேர்ந்து சில வாரங்களில் ஒரு கைந்நூல் அவர் கைக்கு வந்தது. தகுந்த காரணமில்லாமல் கம்பனி எவரையும் நீக்காது என்றும், நீக்குமுன் இன்னின்ன படிமுறைகள் உண்டு என்றும் அதில் இருந்தன. 1978 இல் ஒரு கட்டடத்தின் குழாய்களில் உள்ள குறைபாடுகள் பற்றி அவர் அறிக்கை எழுதினார். அதன்பின் மேலிடம் அவர்மேல் நம்பிக்கை இழந்துவிட்டதாகச் சொல்லி விலகும்படி கேட்டது. அவர் மறுத்தார். நீக்கப்பட்டார்.

இந்த நாட்டில் பொதுவான சட்ட நிலை எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. ஒப்பந்தமோ தொழிற்சங்கமோ இல்லாத தொழிலாளியை, சட்டம் குறிப்பாகத் தடைசெய்த காரணங்களுக்காக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும், எந்த வேளையிலும் நிறுத்தலாம். 1987 இல் சட்டம் இயற்றி இதிலிருந்து விலகிக்கொண்ட மாநிலம் மொன்ரானா ஒன்றுதான். வூலிக்கு எதிராகக் கம்பனி சொன்னதும் இதையே. ஆனால் 1985 மே மாதம் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. நீங்கள் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரு கைந்நூலைக் கொடுத்து, அதை நம்பவைத்து, அந்த நம்பிக்கையால் வரும் நன்மையையும் அனுபவித்தபின், அது வெறும் காகிதம் என்று சொல்லமுடியாது. அந்த வாக்குறுதி ஒப்பந்தமாகவே கொள்ளப்படலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

அதோடு நிற்கவில்லை. வாக்குறுதிக்குக் கட்டுப்பட விரும்பாத கம்பனி என்ன செய்யலாம் என்பதையும் நீதிமன்றமே சொன்னது. கைந்நூலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், இதில் உள்ள எதுவும் வாக்குறுதி அல்ல என்று தெளிவாக எழுதிவிடட்டும். நேர்மையான யோசனை. பொய்யாக நம்பவைக்காதே என்பதே அதன் பொருள். கம்பனிகள் பாடத்தை விரைவாகக் கற்றன. நாங்கள் ஒரே குடும்பம், உங்கள் வளர்ச்சியே எங்கள் வளர்ச்சி என்று பல பக்கங்கள். இது ஒப்பந்தமல்ல, எவ்வேளையிலும் எக்காரணத்துக்காகவும் உம்மை நிறுத்தலாம் என்று தடித்த எழுத்தில் ஒரு பந்தி. அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த எவரும் அப்படி ஒரு தாளில் கையொப்பம் வைத்திருப்பார். அந்தத் தாளை வரைபவர், நீட்டுபவர், கையொப்பத்தைக் கோப்பில் போடுபவர் யார்? மனிதவளம் படித்தவர்.

இங்கேதான் ஒழுக்கப் பிரச்சினை முழுவடிவில் நிற்கிறது. வாக்குறுதி அல்ல என்று சொல்லிக்கொண்டே வழங்கப்படும் வாக்குறுதி என்ன பண்டம்? அதற்கு எமது மொழியில் ஒரு நல்ல பெயர் உண்டு: தயவு. தயவு கிடைக்கும் நாளில் இனிமையானது. தாய் இறந்தபோது இரண்டு கிழமை லீவு தருகிறார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் நேரத்தோடு போகவிடுகிறார்கள். இவற்றைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தயவைக் கேட்டுப் பெறலாமே தவிர அதன்மேல் நிற்கமுடியாது. கொடுப்பவர் மாறினால், அவர் மனம் மாறினால், பங்குச்சந்தையில் விலை இறங்கினால், கேட்க ஒரு முகவரியும் இல்லை. எச்-1பி விசாவில் எடிசனிலும் ஜேர்சி சிற்றியிலும் குடியிருக்கும் தமிழருக்கு இதன் கூர்மை தெரியும். வேலை போனால், 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பொதுவாக 60 நாள் வரைதான் அவகாசம். அதற்குள் இன்னொரு நிறுவனம் அவருக்காக மனுச்செய்யவேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற விண்ணப்பிக்கவேண்டும், அல்லது புறப்படவேண்டும். அங்கே முகாமையாளரின் ஒரு முடிவு பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை போகிறது.

எமக்கு இது புதிதல்ல. மலையகத் தோட்டங்களில் கங்காணி என்பவர் யார்? ஆட்களைச் சேர்த்தவர், முற்பணம் கொடுத்தவர், கப்பலேற்றி வந்தவர், சண்டையை விலக்கியவர், கலியாணத்துக்கு முன்நின்றவர். வேலைக்கு வந்த தலை எண்ணிக்கைக்கு அவருக்குக் காசு கிடைத்தது. பெரும்பாலும் அவர் தொழிலாளியின் சொந்த ஊரவர், சொந்தச் சாதியார். அவரிடம் கருணை இருக்கவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அவர் கொடுத்த முற்பணமே கடனாகி, துண்டு என்ற சீட்டில் எழுதப்பட்டு, தொழிலாளியோடு தோட்டம் தோட்டமாகப் போயிற்று. கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் விடுதலை. 1921 இல் துண்டுமுறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கங்காணிகளின் மனம் திருந்தும்வரை காத்திருந்திருந்தால் அது இன்னும் எத்தனை தலைமுறை நீடித்திருக்குமோ.

சட்டம் வந்தால் எல்லாம் சரி என்பதும் எமது அனுபவமல்ல. இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தற் சட்டம் மிகக் கடுமையானது. 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதற்கு, அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அமெரிக்க முகாமையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். ஆனால் அரசாங்கமே எசமானாக இருந்த இடத்துக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. 1980 யூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களை ஜே.ஆர். ஜயவர்த்தன அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தின் துணையோடு வீட்டுக்கு அனுப்பியது. சுமார் 40,000 பேர். பதவியைத் தாமாக விட்டுவிலகியவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் சூட்டப்பட்டது. இந்த இதழைக் கையில் வைத்திருப்போரில் சிலருக்கு அந்தப் பட்டியலில் ஒரு தகப்பனோ மாமனோ இருந்திருப்பார். ஆக, கட்டுப்படுத்தும் எழுத்து வேண்டும். அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க மறுதரப்புக்குப் பலமும் வேண்டும்.

தயவு கடப்பாடாக மாறும் விதத்தை நியூ ஜேர்சியிலேயே காணலாம். வெய்ன் நகரத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்த டொய்ஸ் ஆர் அஸ் என்ற விளையாட்டுப்பொருட் கம்பனி 2017 இல் வங்குரோத்தாகி 2018 இல் கடைகளை மூடியது. 30,000 க்கு மேற்பட்டவர்கள் விலகற்பணம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் ஒன்றுகூடிக் குரல்கொடுத்தபின், கம்பனியை வைத்திருந்த முதலீட்டு நிறுவனங்களில் இரண்டு, 2018 நவம்பரில் 2 கோடி டொலர் நிதி ஒன்றை ஒதுக்கின. அது தயவு. சட்டப்படி கொடுக்கவேண்டியிருக்கவில்லை. பிறகு நியூ ஜேர்சி சட்டமன்றம் அந்தத் தயவைக் கடப்பாடாக்கியது. 100 பேருக்குக் குறையாத நிறுவனம் பெரும் ஆட்குறைப்புச் செய்தால் 90 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். சேவைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கிழமைச் சம்பளம் கொடுக்கவேண்டும். அந்த விதி 2023 ஏப்ரல் 10 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதே நாள் ரட்கர்ஸில் வேலைநிறுத்தம் தொடங்கியது தற்செயல். 1766 இல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் கற்பிப்போர் செய்த முதல் வேலைநிறுத்தம் அது. மூன்று சங்கங்களைச் சேர்ந்த சுமார் 9,000 பேர்: பேராசிரியர்கள், பட்டப்பின் மாணவர்கள், ஒரு தவணைக்கு மறு தவணை நிச்சயமில்லாத பகுதிநேர விரிவுரையாளர்கள். நிர்வாகம் நீதிமன்றத் தடைக்குப் போகலாம் என்று எச்சரித்தது. ஆளுநர் பில் மர்ஃபி அதைத் தவிர்க்கச்சொல்லி இரு தரப்பையும் மேசைக்கு அழைத்தார். ஐந்து நாளில் உடன்பாட்டின் அடிப்படை எட்டப்பட்டு மறியல் நிறுத்தப்பட்டது. முழுநேர ஆசிரியர் சங்கத்தின் தலைவியாக அன்று இருந்த ரெபேக்கா கிவன், தொழில் உறவுகள் கற்பிக்கும் அதே துறையின் பேராசிரியர். பாடத்தைக் கற்பிக்கும் இடமே பாடமாகிவிட்டது. ஆளை நன்றாக நடத்துவது எப்படி என்று கற்பிக்கும் நிறுவனத்திலும்கூட, நன்றாக நடத்தப்படுவதற்கு ஆட்கள் வெளியே வந்து நிற்கவேண்டியிருந்தது.

எல்லா இடத்திலும் அப்படி நிற்க ஆட்கள் இல்லை என்பதும் உண்மை. 1950 களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2024 இல் தனியார்துறையில் நூறு பேரில் ஆறு பேர்கூட இல்லை. மறுகரை வெறிச்சோடிப் போக, முதற் கரையின் பாடம் மட்டுமே உலகமென்று ஆகிவருகிறது. சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளியின் முறைப்பாட்டைக் கேட்பதும் மனிதவளப் பிரிவே. கம்பனியை வழக்கிலிருந்து காப்பதும் மனிதவளப் பிரிவே. முறையிடப் போகிறவர் தன் பக்கத்து ஆளிடம் போவதாக நினைக்கிறார். அந்த ஆளின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் யாரும் நினைவூட்டுவதுமில்லை.

அந்த ஆளின் நிலையையும் யோசிக்கவேண்டும். ரட்கர்ஸ் நிறுவகம் தொடங்கிய அதே 1947 இல் கொண்டுவரப்பட்ட டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், மேற்பார்வையாளர்களைத் தொழிற்சங்கப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. முகாமையாளரும், தொழில் உறவு விடயங்களில் நிர்வாகத்தின் இரகசியங்களைக் கையாள்பவரும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்பவர்களே. இருபது பேருக்கு நீக்கற் கடிதம் கொடுத்த மனிதவள உத்தியோகத்தருக்கு இருபத்தொராவது கடிதம் வரலாம். அப்போது அவர் கையிலிருப்பதும் தான் வரைந்த அதே கைந்நூல்தான். அவர் கொடியவரல்லர். தனக்கே இல்லாத பிடிமானத்தைப் பிறருக்குக் கொடுக்கமுடியாமல் கருணையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பவர்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. எல்லாவற்றையும் எழுத்தில் கட்டிவிட்டால் மனிதத்தன்மை போய்விடும், விதியைக் காட்டி உதவி மறுக்கப்படும் என்பார்கள். அகதி விண்ணப்ப அலுவலகங்களில் வரிசையில் நின்ற நாங்கள் இதை அலட்சியமாகத் தள்ளமுடியாது. கண்ணை ஏறெடுக்காமல் படிவத்தைத் திருப்பித்தரும் உத்தியோகத்தர்களை எமக்குத் தெரியும். ஆனால் அதே வரிசையில் நாம் கற்ற இன்னொன்றும் உண்டு. நல்ல உத்தியோகத்தரின் முன் அதிர்ஷ்டவசமாகப் போய்ச்சேர்வதும், யார் இருந்தாலும் மறுக்கமுடியாத ஓர் உரித்தோடு போய்நிற்பதும் ஒன்றல்ல. முதலாவதில் நாம் சிரித்துக் குழைந்து நின்றோம். இரண்டாவதில்தான் நிமிர்ந்து நின்றோம். நிமிர்ந்து நிற்பவருக்குக் காட்டும் கருணைதான் கருணை. குழைந்து நிற்பவருக்குக் காட்டுவதில் எவ்வளவு கருணை, எவ்வளவு அதிகாரம் என்று கொடுப்பவருக்கே தெரியாது.

கேள்வியைக் கம்பனிகளோடு நிறுத்திக்கொள்வது எமக்கு வசதியாக இருக்கும். எங்கள் கடைகளும், எரிபொருள் நிலையங்களும், உணவகங்களும் இருக்கின்றன. புதிதாக வந்த பொடியனைக் கூட்டிவந்து, படுக்க இடம் கொடுத்து, காசைக் கையில் கொடுத்து, கணக்கைக் காட்டாமல் விடுவதும் நடக்கிறது. "நான்தானே உன்னைக் கூப்பிட்டு எடுத்தனான்" என்ற ஒரு வசனத்தில் முற்பணமும் துண்டும் திரும்பவும் வந்துவிடுகின்றன. சாப்பாடு போட்டதும் உண்மை, நியூ ஜேர்சியில் 2024 ஜனவரியில் மணிக்கு 15 டொலர் 13 சதமாக இருந்த அடிப்படைச் சம்பளத்துக்குக் குறையக் கொடுத்ததும் உண்மை. முன்னது பின்னதைக் கழித்துவிடாது. பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் பெண்ணுக்கும் இது பொருந்தும். 1935 இன் தேசியத் தொழில் உறவுச் சட்டம் வீட்டு வேலையாட்களைச் சேர்க்காமல் விட்டது. 2024 யூலை 1 முதல் நியூ ஜேர்சியில் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் உண்டு; எழுத்தில் ஒப்பந்தமும் இடைவேளையும் அவர்களுடைய உரித்து. "அவ எங்கட வீட்டு ஆள் மாதிரி" என்பது ஒப்பந்தத்துக்குப் பதிலாகாது.

ஆகவே இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையைத் தடுக்கவேண்டாம் என்பேன். ஆற்றின் இரண்டு கரைக்கும் போய்ப் படிக்கச் சொல்லுங்கள். நேர்முகத்தில் எப்படிப் பேசுவது, கடிதத்தை எவ்வளவு மென்மையாகக் கொடுப்பது என்பவற்றோடு படிப்பை முடித்துக்கொள்ளவேண்டாம் என்று சொல்லுங்கள். என்றோ ஒருநாள் ஒரு கைந்நூலை வரையும் வேலை அந்தப் பிள்ளையிடம் வரும். தடித்த எழுத்தில் அந்தப் பந்தியும் வரும். எல்லாவற்றையும் அதனால் அழிக்காமல், முன்னறிவித்தல், விசாரணை, விலகற்பணம் என்று இரண்டு மூன்று வசனங்களையாவது அதற்கு வெளியே, கட்டுப்படுத்தும் வாக்குறுதிகளாக நிறுத்த அது வாதாடுமா? வாதாடினால் எப்போதும் வெல்லாது. வேலையும் போகலாம். ஆனால் அந்த மேசையில் இருந்து செய்யக்கூடிய நன்மைகளில், அதில் இருப்பவர் எழுந்துபோன பின்னும் மிஞ்சக்கூடியது அது ஒன்றுதான்.